அரக்குச் சேலையும் இரண்டு ஸ்கிரீனும்

செல்போன் விற்பது சுலபம். இரண்டு செல்போனில் எதன் ஸ்கிரீன் நல்லது என்று சொல்வதுதான் பிராணனை வாங்கும். காரைக்குடியில் ஒரு கடையில் ஆறு வருஷமாக நிற்கிறேன். என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஓடிப்போன ஐயா

கல்லல் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். இரண்டு போனிலும் கிளி, அருவி என்று வீடியோ ஓட்டி நான் விளக்கிக்கொண்டிருக்க, சட்டென்று இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

மனிதர் உச்சி வெயிலில் நின்று இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று இருண்டு கிடந்தது, மற்றதில் எழுத்துத் தெரிந்தது. "நான் நிக்கிறது வயல்ல தாயி. உங்க கடைக்குள்ள பளபளன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

ஒரே படம்

கொத்தமங்கலம் செல்வி அக்கா, கண்டாங்கிப் பருத்திச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர். பழைய போனில் நிறம் மாறித் தெரிந்ததில் இரண்டு சேலை திரும்பி வந்திருந்தது. இன்னொன்று வந்தால் இனிமேல் சேலை தரமாட்டேன் என்று நெசவுக்காரர் சொல்லிவிட்டாராம். பாவம், முகம் வாடிப்போய் வந்தார்.

பையிலிருந்து ஓர் அரக்குச் சேலையை எடுத்துக் கண்ணாடி மேஜையில் விரித்தார். நான் காட்டிய இரண்டில் ஒரு போனில் படம் எடுத்து, அதையே அடுத்த போனுக்கும் அனுப்பச் சொன்னார். விலை கூடிய போனில் சேலை தகதகவென்று ஜொலித்தது. "பாருங்கக்கா, பட்டு மாதிரி இருக்கு!" என்று நான் குதித்தேன். அவர் மற்ற போனைச் சேலைமேல் வைத்தார். நிறம் அச்சாக ஒத்துப்போனது. "பட்டு மாதிரி இருந்தா பட்டுன்னு நினைச்சுல்ல வாங்குவாக? உள்ளதைக் காட்டுற போனைக் குடுங்க."

கையில் பார்சல்

ஒரு மாதம் கழித்து, செல்வி அக்கா பார்சலோடு கடைக்குள் நுழைந்தார். மூன்றாவது சேலையும் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்து முழித்தேன். நான் விற்ற போன் ஆயிற்றே!

அவரோ சிரித்துக்கொண்டே பார்சலை என்னிடம் நீட்டினார். "என்ன இப்படி முழிக்கிறீக? கூரியர்க்காரர் சாப்பிடப் போயிட்டாரு, அதுவரைக்கும் இங்குட்டு இருக்கட்டும். இது திரும்பி வந்ததில்ல, சென்னைக்குப் போறது. நெசவுக்காரர் இப்பப் புதுசா ரெண்டு கலர் சேர்த்துக் குடுத்திருக்காரு!"

ஆறு வருஷத்தில் நான் கண்டது இதுதான்: ஸ்கிரீனைப் பற்றி நாம் பேசப் பேச வாடிக்கையாளர் குழம்புகிறார், நாம் வாயை மூடியதும் சரியான போனை எடுத்துவிடுகிறார்.