அவித்த முட்டையும் ஒரு நேர்ச்சைதான்

ஸ்கேன் முடிவுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். என் பெயர் செலின். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிற குடும்பம் எங்களுடையது. சென்ற வருடம் தை மாதம் என் கணவர் அருளப்பனுக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன்.

மாசியில் தர்மபுரிக்கு ஆபரேஷன் நாள் கேட்கப் போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. அதில் தசையை மட்டும் தனியாக அளந்திருந்தார்கள்.

"கட்டிய எடுத்துடலாம்மா. ஆனா இவருக்குத் தசை ரொம்பக் குறைஞ்சிருக்கு. இப்படி இருக்கறவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து வர்றது கஷ்டம். கொஞ்ச வாரம் நல்லாச் சாப்பிட்டு, நடந்து, உடம்பத் தேத்திட்டு வாங்க. மறுபடி அளந்து பாத்துட்டுச் செய்யலாம்."

"ஆளு தொப்ப வெச்சிக்கிட்டு நல்லாத்தானே இருக்காருங்க?" என்றேன்.

"அது கொழுப்பும்மா."

தினமும் முட்டை, மீன், கோழி, பருப்பு கொடுக்கச் சொன்னார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கட்டி என்று தெரிந்த அன்றே, கோயில் வளாகத்தில் குகைபோல் கட்டியிருக்கும் மாதா கெபியில் நேர்ந்துகொண்டாராம். சுகமாகும்வரை கவுச்சி தொடமாட்டேன், வெறும் கஞ்சிதான் என்று. வாய் கசக்கிறது என்று அவர் ஒதுக்கியதை எல்லாம் நோயின் வேலை என்றே நான் நினைத்திருந்தேன்.

"மாதாகிட்ட குடுத்த வார்த்தைய மீறுனா, அவங்க கைய விட்ருவாங்க செலினு."

வீட்டில் முட்டை அவித்து வைத்தேன், தள்ளிவிட்டார். திட்டினேன், அழுதேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். நேர்ச்சையை மீறி ஏதாவது ஆகிவிட்டால்? மீறாமல், இருக்கிற தசையும் கரைந்துவிட்டால்? கட்டி அதுவரை சும்மா இருக்குமா? அவர் நாற்காலியிலிருந்து கையூன்றி எழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொள்வேன். "இந்தப் பட்டினிய நீங்க கேட்டீங்களா தாயே? கேக்கலன்னா நீங்களே அவருகிட்ட சொல்லுங்க" என்று சண்டை போட்டே ஜெபித்தேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்து, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நன்மை என்னும் திவ்விய அப்பம் கொடுக்கப் பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தள்ளி வைத்திருந்த முட்டைத் தட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்குங்க அருளப்பன்" என்றார் சாமியார். "பட்டினிய எடுத்துட்டேன். டாக்டர் சொன்னதச் சாப்பிடறதும் நடக்கறதும்தான் இனி உங்க நேர்ச்சை. இத மீறிடாதீங்க."

என் கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

பசி செத்த வாய்க்குப் பட்டினியைவிட முட்டைதான் பெரிய தவமாக இருந்தது. ஓங்கரித்துக்கொண்டே விழுங்கினார். தக்காளித் தோட்டத்து வரப்பில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தார். ஊரெல்லாம் தவக்காலத்துக்குக் கவுச்சியை விட்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் கோழிக்குழம்பு கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா அளந்து முடிக்கும்வரை என் உள்ளங்கை வேர்வையில் ஜெபமாலை நழுவிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப ஏறிடல. ஆனா ஏறியிருக்கு. பண்ணிடலாம்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியபோது கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் நின்றார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன்.

சுகம் கிடைத்த உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி, திருவிழாவில் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். கடையில் கண், கை, கால் எல்லாம் இருந்தன. தசைக்கு உருவம் இல்லை. அதனால் கூடை நிறைய முட்டை அவித்து எடுத்துப் போனோம். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று அவரே எல்லாருக்கும் கொடுத்தார்.

உங்களுக்கும் சொல்கிறேன். வாய்விட்டுக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். பதில் உங்கள் தட்டிலேயே வந்து உட்கார்ந்திருந்தால், தள்ளாமல் சாப்பிட்டுவிடுங்கள்.