சிவப்பு விளக்குக்குக் கீழே மூன்று வரி

ரசம் சரியில்லை என்றால், நன்றாக இல்லை என்று என் வீட்டுக்காரர் பக்தவத்சலம் சொல்ல மாட்டார். "உப்பு சரி. புளி ஒரு சுளை தூக்கல்" என்பார். நன்றாக இருந்தால் "ம்" மட்டும்தான். இருபது வருஷமாக இப்படி. கேம்பல் பே என்ற இந்தத் தீவு ஊருக்கு வந்த புதிதில் அப்படி இல்லை.

பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. நான் அங்கேயே கூட்டிப் பெருக்கினேன். தினமும் காலையில் பட்டனை அழுத்தினால் ஜெனரேட்டர் கிளம்பி, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எது தவறினாலும் ஒரே சிவப்பு விளக்கு எரிந்து, நின்றுவிடும். என்ன தவறு என்று விளக்கு சொல்லாது. அவரும் 'ஃபெயில்' என்று ஒரு வார்த்தை எழுதி வயர்லெஸுக்குக் கொடுப்பார். 1974 ஆடியில் அப்படிக் கொடுத்ததற்கு, போர்ட் பிளேரிலிருந்து மாதக் கப்பலில் புது பேட்டரி வந்து இறங்கியது. பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. புதியதை மாட்டிய மறுநாளும் சிவப்பு விளக்குதான்.

அப்போது பக்கத்து வீட்டு விசாலாட்சி நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடந்தது. பத்து நாளைக்குள் ஆபரேஷன், லைட் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று நண்பகல் போர்ட் பிளேரிலிருந்து அரிசிக் கப்பல் ஒன்று கிளம்புவதாக வயர்லெஸ் நஜிமுதீன் சொல்லி அனுப்பினார். அதை விட்டால் இன்னும் ஒரு மாதம்.

ஜெனரேட்டர் தானாக நின்றுவிடாதபடி இவர் அதன் சோதனைப் பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றிக் கிளப்பப் போனார். பெருக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"நீ அந்த முள்ளைப் பாரு. முப்பது எண்ணுறதுக்குள்ள நிறுத்திடணும். இல்லன்னா என்ஜின் இறுகிப் போயிடும்."

என்ஜின் கிளம்பியது. அவர் உரக்க எண்ணினார். ஆயில் பிரஷர் முள் நாற்பதில் நிற்க வேண்டும்.

"பன்னெண்டு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பன்னெண்டுதான். ஏறல."

இருபத்தாறில் நிறுத்தினார். ஆயில் நிறைய இருந்தது. ஃபில்டரைக் கழற்றினார், சுத்தம். குழாயில் கசிவில்லை. எல்லாவற்றையும் மூன்று வரியில் எழுதிக்கொண்டு வயர்லெஸ் ஆபீஸுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

நஜிமுதீன் தாளைப் பார்த்தார். "அண்ணே, இத்னா லம்பா? இவ்ளோ நீளமா? ஃபெயில்னு போட்டா பஸ், போதும். நீங்க கதை எழுதிட்டு வந்திருக்கீங்க."

"பாய், அங்க இருக்கறவன் இங்க வந்து எட்டிப் பாக்க முடியாது. போன தடவ ஒரு வார்த்த அனுப்பினேன், பேட்டரி வந்துச்சு. தப்பு அவன் மேல இல்ல."

நஜிமுதீன் மூன்று வரியையும் அடித்தார். மணி பதினொன்று இருபது. பதில் இல்லை. இவர் வாசற்படியில் உட்கார்ந்து கையில் இருந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது.

"மத்ததெல்லாம் சரின்னா ஆயில் பம்புதான் போயிருக்கும்னு, புதுசு ஒண்ணு கப்பல்ல ஏத்திட்டாங்களாம், அண்ணே" என்றார் நஜிமுதீன்.

ஐந்தாம் நாள் பம்ப் வந்தது. பழையதைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. எட்டாம் நாள் ஆபரேஷன். முடியும்வரை இவர் என்ஜின் பக்கத்திலிருந்து நகரவில்லை.

விசாலாட்சியின் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. இவர் ரிட்டயராகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் புது ஜெனரேட்டர் வந்திருக்கிறது, அதிலும் ஒரே சிவப்பு விளக்குதான். அதன் கீழே இவர் கோடு போட்டுக் கொடுத்த நோட்டு தொங்குகிறது. சரியாக ஓடிய நாளுக்கு ஒரு வார்த்தை. ஓடாத நாளுக்கு மூன்று வரி: என்ன இருக்க வேண்டும், என்ன இருந்தது, எதெல்லாம் பார்த்தாயிற்று.