எதிர்க்கட்சியும் பறக்கும் அண்ணனும்

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் எனக்கு ஜோடியாக வாய்த்தவனுக்குக் கம்பெனியில் வைத்திருக்கும் பெயர் எதிர்க்கட்சி. மழை பெய்கிறது என்றால் "இது தூறல்" என்பான். சரி, தூறல்தான் என்றால் "அப்புறம் ஏன் தொப்பலா நனைஞ்சிருக்கே?" என்பான். பதினோரு வருடமாக அவனோடு ஒரே வண்டியில் போய் வருகிறேன். எனக்கு இன்னும் ரத்தக்கொதிப்பு வராதது அதிசயம்.

போன மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு சூப்பர் ஹீரோ படத்துக்குப் போனோம். பறக்கும் சக்தியுள்ள அண்ணன், சக்தி ஏதுமில்லாத தம்பி. கடைசியில் வில்லன் தம்பியை மாடியிலிருந்து தள்ளுகிறான். அதே நேரம் ஒரு பாலம் இடிகிறது. அண்ணன் பாலத்தைத் தாங்கப் போய்விட, தம்பி செத்துப்போகிறான்.

"முன்னூறு பேர் பெருசா, ஒருத்தன் பெருசா? ஹீரோ செஞ்சது சரிதான்" என்று வாயை விட்டேன். எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டான்.

"கூடப் பொறந்தவனைக் கைவிட்டவன் என்னடா ஹீரோ?"

ஒரு வாரம் இதே பாட்டு. அவன் மனைவியே போன் செய்தாள். "அண்ணா, ஒரே ஒரு தடவை அவர் சொல்றது சரின்னு சொல்லித் தொலைங்களேன். வீட்ல நிம்மதியா சாப்பிட முடியல." சொல்வேனா? எனக்கும் ரோஷம் உண்டு.

வியாழக்கிழமை ஓர் ஒன்பது மாடி அலுவலகத்திலிருந்து அழைப்பு. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், தனியாக. நாங்கள் போனபோது கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

இப்படி நேர்ந்தால் ஒருவன் உச்சியிலுள்ள மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றவன் கதவருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். நான் மேலே ஓடினேன். பாழாய்ப்போன பிரேக் நெம்புகோல் அசையவே இல்லை. எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே பேசுவதெல்லாம் கேட்டது.

"பயப்படாதீங்கம்மா, காத்து வரும். லிஃப்ட் விழாது."

"என் தம்பியக் கூப்பிடுங்க... மூச்சு முட்டுது..."

பிறகு குரலே இல்லை. மயங்கிவிட்டால் என்ன செய்வது? நெம்புகோலை இன்னும் வேகமாகத் தட்டினேன்.

திடீரென்று எதிர்க்கட்சி கேட்டான். "அந்தப் பறக்குற அண்ணன் படம் பாத்தீங்களா? தம்பி செத்தா சாகட்டும்னு பாலத்துக்குப் போனான் பாருங்க, அதாங்க சரி!"

என் ஸ்பானர் நழுவியது. இது என் கட்சியல்லவா!

பிறகு, "எப்படிங்க சரி?" என்றது ஒரு மெலிந்த குரல்.

"பாலத்துல முன்னூறு பேரும்மா."

"இருக்கட்டுமே! அவ்வளவு வேகமாப் பறக்குறவன் தம்பியத் தூக்கிட்டே பாலத்துக்குப் போறதுக்கென்ன? கதை எழுதினவருக்கு மூளை வேணாம்?"

குரல் ஏறிவிட்டது. நான் ஒரு வாரமாகச் சொன்ன நியாயங்களை அவன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அவள் ஒவ்வொன்றையும் கிழித்தாள். இருபது நிமிடம் கழித்து நெம்புகோல் அசைந்துகொடுத்தது. சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மெல்ல நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தேன்.

நான் இறங்கிப் போனபோது, வெளியே வந்தும் விடாமல் விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு கேளுங்க..."

அவன் கைகூப்பினான். "நீங்க சொன்னதுதான் சரிம்மா. நான் தோத்துட்டேன்."

பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை.

வண்டியில் கேட்டேன். "ஏன்டா கட்சி மாறினே?"

"தம்பியக் கூப்பிடச் சொன்னாங்களே, அப்பவே அவங்க என் கட்சின்னு தெரிஞ்சுபோச்சு. ஒத்துப்போனா ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிடும். சண்டைன்னா பயப்பட நேரம் கிடைக்காது."

மூன்று வருடத்துக்கு முன் என் மகனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. உள்ளே அவன் கிடந்த நாலு மணி நேரமும், இந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு படத்தின் வில்லன் நல்லவன் என்று என் உயிரை எடுத்தான். நெஞ்சில் ஈரமில்லாத பயல் என்று அன்று அவனை முகத்துக்கு நேரே திட்டினேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் செஞ்சியா?" என்று கேட்டேன்.

"ச்சேச்சே" என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு நீ நிஜமாவே தப்பாத்தான் பேசினே."