பாய் கடை வேகம்

பாப்பாரப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் கேட்டோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் ஜாஸ் பைத்தியம் பிடித்து அலைந்தவர்கள் மூன்று பேர். நான், என் அண்ணன், மைக் செட் கடை பாய். நான் தருமபுரி டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அண்ணன் தக்காளி, வேர்க்கடலை, கொஞ்சம் மாந்தோப்பு என்று விவசாயம். பாய் எங்கள் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் மரத்து மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர்.

வியாதியைக் கொண்டுவந்தது அண்ணன்தான். மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனவர், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குக் கூடையில் பழம் கொடுக்கப் போயிருக்கிறார். உள்ளே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டே இல்லை, வெறும் வாத்தியம். கூடையைத் தலையிலிருந்து இறக்கக்கூட மறந்து ஜன்னலோரம் நின்றுவிட்டாராம். டாக்டர் வெளியே வந்து, என்னப்பா, வேறு என்ன வேண்டும் என்று கேட்க, இவர், "இது முடியட்டுங்க, அப்புறம் போறன்" என்றிருக்கிறார். அந்தப் பதில் டாக்டருக்குப் பிடித்துப்போய், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, போகும்போது ஒரு எல்.பி. ரெக்கார்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த தடவை வரும்போது கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று தருவேன் என்று கறாராகச் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அண்ணன் மாங்காயோடு போனாலும் தக்காளியோடு போனாலும் ஒரு ரெக்கார்டு போகும், ஒரு ரெக்கார்டு வரும். எங்களிடம் பிளேயர் ஏது? ஊரிலேயே பாயிடம்தான் இருந்தது. முதல் நாள் அவர் கடையில் போட்டபோது பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "அல்லா! யாருய்யா இவன், இப்பிடி ஊதுறான்?" என்று எழுந்து நின்றே விட்டார். அவ்வளவுதான், அவரும் எங்கள் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். ஒரு பக்கம் முடிகிறவரை யாரும் பேசக்கூடாது என்பது சட்டம். அதைப் போட்டவரும் பாய்தான், வாரம் தவறாமல் மீறியவரும் பாய்தான். "கேட்டியா தங்கச்சி, கேட்டியா, அங்க பாரு, இப்ப டிரம்ஸ்காரன் வருவான் பாரு!" என்று தொடையில் தட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பாய், வாய மூடுங்க, நானும் கேக்கணுமில்ல?" என்று கத்துவேன். நான் கத்தியதில் இன்னும் கொஞ்சம் பாட்டுப் போயிருக்கும். ரெக்கார்டு கடையிலேயே இருக்கும், அதன் அட்டை மட்டும் முறைவைத்து ஒருவர் வீட்டுக்குப் போகும். அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். பின்பக்க இங்கிலீஷை டிக்‌ஷனரி பார்த்துப் படித்து மற்ற இருவருக்கும் சொல்வது என் வேலை. அண்ணன் அதை மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே பால் கறப்பார்.

இப்போது பாயின் பிளேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மோட்டார் தண்டில் மாட்டுகிற சின்னப் பித்தளைப் புல்லி தேய்ந்து பாட்டெல்லாம் இழுக்க ஆரம்பித்தபோது, பாய் தருமபுரியில் ஒரு லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கிப் போட்டார். அது பழையதைவிட ஒரு மயிரிழை பருமன். அதனால் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. எந்த சினிமாப் பாட்டும் பாய் செட்டில் துள்ளிக்கொண்டு வரும். அது தப்பென்று யாரும் நினைக்கவில்லை. பாய் செட்டு வைத்தால் கல்யாண வீடு களைகட்டும், பந்திகூடச் சீக்கிரம் எழும் என்று ஊருக்குள் பேச்சு. கடத்தூரிலிருந்தெல்லாம் வந்து, "பாய் செட்டுதான் வேணும்" என்று தேதி சொல்லிவிட்டுப் போவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. டிரங்க் கால்களுக்கு நேரம் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆள் நான். அட்டையில் போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாலேயே பாட்டு முடிந்துவிடுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. "ரேஷன் கடைக்காரன் மாதிரிதான் புள்ள. அட்டையில ஒண்ணு போடுவான், உள்ள கம்மியா வெப்பான். வெள்ளைக்காரன்னா மட்டும் யோக்கியனா?" என்றார். பாய் தலையாட்டினார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று புத்திசாலிகள்!

இப்படியே இரண்டு மாம்பழ சீசன் போனது. ஒருநாள் அண்ணன் பெங்களூரிலிருந்து முகம் செத்துப்போய் வந்தார். டாக்டர் கனடாவில் இருக்கிற மகளிடம் போகிறாராம், திரும்பி வருவதாக இல்லையாம். ரெக்கார்டுகள் ஒரு பெரிய பெட்டி நிறைய இருக்கின்றன. பெங்களூரிலேயே ஒரு கிளப்பில் அதைத் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம், நல்ல மிஷின், நல்ல ஹால் எல்லாம் வைத்திருக்கிறவர்கள். அண்ணனுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "எங்களுக்குக் குடுங்க" என்று கேட்டுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். நீங்க எப்படிக் கேக்கறீங்கன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி வந்தால் ஆயுசுக்கும் கேட்கலாம். வராவிட்டால் அதோடு சரி, பிறகு ஒரு ரெக்கார்டுக்கும் வழியில்லை. எக்சேஞ்சில் சேலம் கேட்டவருக்கு ஓசூரைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாய் கடையைக் கழுவி, ஒட்டடை அடித்து, வீட்டிலிருந்து ஜமுக்காளம் கொண்டுவந்து விரித்து, பிளேயரை பாலிஷ் போட்டுத் துடைத்தார். அவர் வீட்டம்மா பிரியாணி செய்து அனுப்புவதாக ஏற்பாடு. எதைப் போட்டுக் காட்டுவது என்பதில் மட்டும் சண்டையே இல்லை. டாக்டரிடம் அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியாகவும் வாங்கிவந்த ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு. எங்கள் மூன்று பேருக்கும் உயிர் அது. டிரம்ஸும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும், கேட்கிறவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

ஞாயிறு மத்தியானம் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. டாக்டர் ஒல்லியாக, உயரமாக, வெள்ளை அரைக்கைச் சட்டையில் இறங்கினார். வந்ததும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நாற்காலி இருக்குதுங்க டாக்டரு" என்று பாய் பதற, "பேடாப்பா, வேண்டாம். பாட்டப் போடு" என்றார். பாய் பிஸ்மில்லா சொல்லி முள்ளை வைத்தார்.

டிரம்ஸ் ஆரம்பித்தது. சாக்ஸபோன் வந்தது. நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் ஏறியது, பிறகு காது சிவந்தது.

"பேடா! பேடா! நிறுத்து!" கோபம் வந்தால் டாக்டருக்குக் கன்னடம்தான் வரும் போலிருக்கிறது. "என்னப்பா இது? இவங்க எல்லாம் என்ன பஸ்ஸைப் பிடிக்கவா ஓடறாங்க?"

முள்ளை எடுத்து, ரப்பர் விரிப்பைத் தூக்கி, தட்டைக் கழற்றி, உள்ளே குனிந்து பார்த்தார். புல்லியைத் தொட்டுக் காட்டி, "இதை யாரு கடைஞ்சது?" என்றார். பாய் பெருமையாகவே சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, முள்ளை வைத்து, சுற்றுகிற தட்டின் ஓரத்தில் ஒரு விரலை லேசாக அழுத்தினார். வேகம் குறைந்தது. குறைந்து, ஒரு அளவில் நிலைத்தது. "இதுதான். அந்த மனுஷன் வாசிச்சது இதுதான். நீங்க இத்தனை நாள் கேட்டது வேற எதையோ!"

நாங்கள் கேட்டோம். பாட்டு நடந்தது. ஆமாம், நடந்தது, ஓடவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். பாய்தான் வாயைத் திறந்தார்.

"டாக்டரு, கோவிச்சுக்காதீங்க. இது தூங்குதுங்க."

"என்னது?"

"தூங்குதுங்க. டிரம்ஸ்காரன் மலை ஏறுறவனாட்டம் மூச்சு வாங்குறான். நம்ம வேகத்துல போட்டா பறப்பான்."

"வாசிச்சவனுக்குத் தெரியாத வேகம் உனக்குத் தெரியுமா?"

"அவரு வாசிச்சாருங்க, இல்லேங்கல. கேக்குறது நானில்லீங்களா?"

நான் பாயின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். பெட்டி போச்சு, கிளப்புக்கே போச்சு! டாக்டர் எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டு, முதல் பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டின் மேல் முள்ளை வைத்து, மறுபடி விரலை அழுத்தினார்.

அந்தப் பாட்டை நாங்கள் எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறோம், பெரிதாக மதித்ததில்லை. இப்போது அது வேறு. சாக்ஸபோன் அடிவயிற்றிலிருந்து வந்தது. இரண்டு வரிக்கு நடுவில் ஊதுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஐயோ, அந்த மூச்சு! எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒரு மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாய் முதல் தடவையாக அந்தக் கடையின் சட்டத்தை மதித்தார்.

முடிந்ததும் டாக்டர் சிவந்துபோன விரலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எது சரி? உங்க வேகமா, என் வேகமா?"

அண்ணன் டாக்டருக்குப் பின்னால் நின்று, உங்களதுதான் என்று சொல், சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பெட்டி காரின் டிக்கியில் இருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு வந்துவிடும். வாயைத் திறந்தேன்.

"இந்தப் பாட்டுக்கு உங்க வேகம்தாங்க. இத்தன நாளா இதப் போட்டு நாசம் பண்ணியிருக்கோம். ஆனா…" நிறுத்தியிருக்கலாம். என் சுபாவம் அப்படி, முடியவில்லை. "ஆனா அந்தப் பக்கம் கடைசிப் பாட்டு எங்க வேகம்தாங்க. பாய் சொல்றதுதான் சரி. நீங்க போட்டா அது தூங்குது."

அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். பாய் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"போடு. உங்க வேகத்துல போடு. முழுசா."

பாய் போட்டார். டாக்டர் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பாதியில் அவருடைய முழங்கால் ஆட ஆரம்பித்தது. முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். பிறகு தன் வேகத்தில் ஒரு தடவை. பிறகு மறுபடி எங்கள் வேகத்தில். பிரியாணி வந்து ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. சாக்ஸபோன் உங்கள் வேகத்தில் கிளாரினெட் மாதிரி கீச்சிடுகிறது என்று அவர் கத்த, கீச்சிட்டால் என்ன, உயிர் இருக்கிறதா இல்லையா என்று பாய் கத்த, நடுவில் நான் இருவரையும் பார்த்துக் கத்த, தெருவில் போனவர்கள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் அதற்கு முன்னால் போட்டதில்லை.

வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் எழுந்து காருக்குப் போனார். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்தியா நீ?" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. "ஏனப்பா, ஒத்தை ஆளா நான் தூக்கணுமா?" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினோம். தகரப் பெட்டி, சரியான கனம். இறக்கிக் கடைக்குள் வைத்ததும் பாய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார், யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்பது போல. நான் டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டு நேராகப் பிளேயரிடம் போனார். தட்டில் கிடந்த அந்த ரெக்கார்டை எடுத்து, அட்டைக்குள் போட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "டாக்டர், அது மட்டும் வேண்டாங்க! பெட்டியில வேற எதை வேணா எடுத்துக்குங்க. அது எங்களுதுங்க!"

அவருடைய ரெக்கார்டை அவரிடமே எங்களுது என்கிறேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை.

"உங்களுதுதாம்மா. அதான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். "பெங்களூர்ல நான் எதைப் போட்டாலும் எல்லாரும் நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க. மகள் வீட்டுலயும் ஆட்டுவாங்க. இதை மட்டும் போட்டா, தூங்குது தூங்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் கத்தறது எனக்குக் கேக்கும். அங்க எனக்கு அது வேணும்."

கார் பாலக்கோடு ரோட்டில் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை, தெருவிலேயே அழுதேன். பெட்டி கிடைத்ததற்கு அழுகிறாயா, ரெக்கார்டு போனதற்கு அழுகிறாயா என்று அண்ணன் கேட்டார்.

"அவரு போறாரேன்னு அழுவுறன், போங்க" என்றேன்.