பாதித் தேங்காய்க்குள் எழும்பிய கம்பியூட்டர்

எங்கள் வீட்டில் கம்பியூட்டரின் வேகத்தை அளந்தவர் அம்மா. அளந்தது தேங்காயால். காலையில் சித்தப்பா அதன் பொத்தானை அமுக்கிவிட்டு முகம் கழுவப் போவார். அந்த 'டிக்' சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியில் துருவியோடு உட்காருவார். முதல் பாதியைத் துருவி, மற்றப் பாதியையும் துருவி, சிரட்டையைத் தூக்கி மூலையில் போடும் நேரத்தில்தான் முன்னறையில் அது விழித்துக்கொண்டதற்கு அடையாளமாக ஓர் இசையை வாசிக்கும்.

"உங்க மிசின் எழும்புறதுக்குள்ள எனக்குச் சம்பலே ஆயிருச்சு" என்பார் அம்மா.

அப்பா மாநகரசபையில் கிளார்க். எதைப் பார்த்தாலும் அவருக்கு மாநகரசபையாகத்தான் தெரியும். "ஆள் கூடிப் போச்சு. ஆள் கூடினா ஃபைல் நகராது" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். கம்பியூட்டர் ஏன் இழுக்கிறது என்று இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டாலும் அப்பாவின் அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துவிடுகிறேன். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலம் தெரிகிற மேட்டில் இருந்தது. கண்டி பஸ் ஓடும் வீதியிலிருந்து படியேறி வரவேண்டும். அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தி டீச்சர். சித்தப்பா யாழ்ப்பாணத்துக்காரர். முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட அந்தக் கம்பியூட்டர், ஒரு பிரிண்டர். அவ்வளவுதான் அவருடைய தொழில். கலியாணக் கார்ட், தேயிலைத் தோட்டத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ், பிறகு கல்வெட்டு. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. யாழ்ப்பாணத்தவர்கள் செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கிற சிறு புத்தகம். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, பாட்டு, உறவினரின் புலம்பல். வடக்கிலிருந்து வந்து கண்டியிலும் பேராதனையிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அதைச் செய்விக்கச் சித்தப்பாவைத் தேடி வருவார்கள்.

நான் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஓர் ஆங்கிலக் கம்பியூட்டர் சஞ்சிகையை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்ததில் எனக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. வேகம் என்பது சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில் இருக்கிறது. சுவர்ப் படம் எதற்கு? எடு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு சத்தம் எதற்கு? எடு. சும்மா இருக்கும்போது திரையில் நீந்துகிற மீன்கள்? எடு. எழும்பும்போதே தானும் எழும்பி மூலையில் உட்கார்ந்துகொள்கிற குட்டி மென்பொருள்கள்? அவற்றைப் பற்றிச் சித்தியே அழகாகச் சொல்லியிருந்தார்: "கடை திறக்க முன்னுக்கே வாசல்ல நிக்கிற கூட்டம்." எழுத்து வகைகள், அதாவது ஃபொன்ட்டுகள், எக்கச்சக்கமாகக் கிடந்தன. எழும்பும்போது அது அவை ஒவ்வொன்றின் பெயரையும் கூப்பிட்டுப் பார்க்குமாம், வகுப்பில் டாப்பு கூப்பிடுவதுபோல.

இந்த ஞானத்தை நான் அம்மாவின் அலுமாரியிலும் பிரயோகிக்கப் பார்த்தேன். அதற்குக் கிடைத்த அடி வேறு கதை.

சித்தப்பாவிடம் வாரக்கணக்கில் கெஞ்சினேன். "பிள்ளை, அதில கை வைக்காத. பழுதாக்கிப்போட்டா நான் சட்டியோட தெருவிலதான்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் டவுனில் குண்டு வெடித்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எனக்கு அது லீவு. பாலத்தில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். வடக்கு ஆட்கள் தங்கியிருக்கும் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினார்கள். கீழ் வீதியில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. பெரியவர்கள் அடுப்படியில் நின்று பேசுவார்கள், நான் போனால் விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள். இவ்வளவு ஆர்வமாக விலைவாசி பேசுகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு பகல் சித்தப்பா தானாகவே என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உந்த மிசினைக் கொஞ்சம் லேசாக்கித் தாறியோ? உன்ரை கெட்டித்தனத்தைக் காட்டு பாப்பம்."

என்னுடைய வாதம் கடைசியில் வென்றுவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் வேட்டையில் இறங்கினேன். மீன்கள் போயின. சத்தங்கள் போயின. சீட்டு விளையாட்டு உட்பட எல்லா விளையாட்டுகளையும், தியாகி மாதிரி, நானே என் கையால் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா "ஓம், ஓம்" என்றார். ஆனால் அவர் மனம் அதில் இல்லை என்று தெரிந்தது.

"தமிழ் ஃபொன்ட்டையும் எடு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கடுகு மாதிரி சித்தப்பா. அதை எடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல. பெறகு கோயில் நோட்டீச எதுல அடிப்பீங்க?"

"எடு பிள்ளை."

"பாட்டு ஃபைல்தான் பெருசு. அதை எடுப்போம்."

"அதையும் எடு. இதையும் எடு."

அப்போதே எனக்கு ஒன்று விளங்கியது: சித்தப்பாவுக்குக் கம்பியூட்டர் அறிவு மிகவும் குறைவு. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் ஃபொன்ட்டுகளை அவரே அழித்தார். நோட்டீசுகளை அழித்தார். கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தார். அன்று குளிக்கத் தண்ணீர் கொதிக்கவைக்கிற அடுப்பிலிருந்து பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. சித்தி அங்கே, ஃபைல்களைப் பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்கட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "எல்லாம் பூஞ்சணம் பிடிச்சதுடி" என்றார். கண்டி ஈரத்துக்கு அது நம்பக்கூடியதுதான்.

கடைசியாக ஒரு ஃபோல்டர் மிஞ்சியது. ஆங்கில எழுத்தில் 'தம்பி' என்று பெயர் போட்டிருந்தது. யாரோ வாடிக்கைக்காரராக்கும் என்று நினைத்தேன். சித்தப்பா பால்காரரைக்கூடத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அதன் அளவைப் பார்த்தேன். ஒரு படம், கொஞ்சம் பக்கங்கள். ஒரு டிஸ்கட்டில் பாதிகூட வராது.

"இதை விடலாம் சித்தப்பா. இதால ஒன்னும் ஸ்லோ ஆகாது."

"உதுதான் பாரம் பிள்ளை" என்றார். பிறகு எழும்பினார். "நீயே அமத்து."

அவர் ஜன்னலருகே போய், பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழிக்கும் பொத்தானை அமத்தினேன்.

"அமத்தீட்டியோ?"

"ஆமா."

"குப்பைத்தொட்டி?"

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"நல்லது" என்றார். திரும்பவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவைத் தேங்காயோடு உட்காரவைத்தேன். முதல் பாதி துருவி முடிவதற்குள் கம்பியூட்டர் எழும்பி நின்றது. பாடவில்லை, பாட்டைத்தான் எடுத்தாயிற்றே.

அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். வயதான ஒரு பொலிஸ் சார்ஜன், கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர், வாசலில் துவக்கோடு இரண்டு பேர். அப்பா தன் மாநகரசபை அட்டையைக் காட்டினார். சித்தப்பாவின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த இளம் அதிகாரி அதைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாவின் கை சித்தியின் கையைப் பிடித்தது.

அலுமாரி, மெத்தை, அரிசிப் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு இளம் அதிகாரி கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு அது தெரிந்த ஆள். அங்கே திறந்தார், இங்கே திறந்தார். ஆங்கிலத்தில் அடித்த இரண்டொரு வேலை விண்ணப்பங்களைத் தவிர ஒன்றுமில்லை. அவருடைய முகம் தெளிவதற்குப் பதிலாக இறுகியது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். "இப்படி ஒரு கம்பியூட்டரை நான் பார்த்ததே இல்லை. படம் இல்லை, பாட்டு இல்லை, சீட்டு விளையாட்டுகூட இல்லை. யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள்." கதிரையைச் சித்தப்பாவின் பக்கம் திருப்பினார். "எதை அழித்தாய்?"

சித்தப்பாவின் சிங்களம் கடையில் பாண் வாங்கத்தான் போதும். அப்பாவைப் பார்த்தார். இளம் அதிகாரி வாசலில் நின்றவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என்னுடைய வேலைக்கு இன்னொருவர் பெயரைப் போடுகிறார்களே!

"அவர் இல்லை மாத்தயா" என்றேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில். "நான்தான் அழித்தேன்."

அப்பா என் பெயரைச் சொன்னார், சத்தமில்லாமல்.

நான் நிற்கவில்லை. அதிகாரியின் பக்கத்தில் போய் நின்று பாடம் நடத்தினேன். மெமரி கொஞ்சம், தூக்கிக்கொள்கிற பாரமோ அதிகம். மீன்கள் எவ்வளவு தின்கின்றன, சத்தங்கள் எவ்வளவு தின்கின்றன, கடை திறக்க முன்னுக்கே வாசலில் நிற்கிற கூட்டம் யார் யார், ஃபொன்ட்டுகளுக்கு டாப்பு கூப்பிடும் கதை. சஞ்சிகையையும் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். பக்கம் முழுக்க என் பென்சில் கோடுகள்.

"முன்பு ஒரு தேங்காய் ஆகும்" என்றேன். "இப்போது பாதிதான்."

"என்ன தேங்காய்?" என்றார் சார்ஜன்.

"அம்மா! தேங்காயைக் கொண்டு வாங்க."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது அவசரத்தில் கவனிக்கவில்லை. துருவியை முன்னறைக்கே கொண்டுவந்து, அதிகாரியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார். நான் கம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். "ம், துருவுங்க!" அம்மா துருவினார். தேங்காய்ப்பூ தட்டுக்கு வெளியிலெல்லாம் சிதறியது. அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். துவக்குக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பாதி மூடி இன்னும் முடியவில்லை, திரை வெளிச்சமாகி நின்றது.

முதலில் சிரித்தவர் சார்ஜன். "எங்கட ஸ்டேஷன் மிசினுக்கு ஒரு தோட்டத்துத் தேங்காயும் போதாது துவ" என்று என்னை மகளே என்று கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். இளம் அதிகாரி சிரிக்கவில்லை. சஞ்சிகையைப் புரட்டினார், என் பென்சில் கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் தேடியது எதுவோ, அது அங்கே இருக்கவில்லை. நான் சொன்னது முழுக்க உண்மை. எனக்குத் தெரிந்த அளவில் அதைவிட உண்மை வேறு இல்லை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "விளையாட்டையாவது விட்டிருக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர்கள் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் அம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு அப்பா கதிரையில் விழுந்து, "இவளை மாநகரசபைக்கு அனுப்பினா ஒரு வாரத்துல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவா" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அன்று ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ தாராளம்.

சித்தப்பா மட்டும் கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதை நிறுத்துவார், போடுவார், அது பட்டென்று எழும்பும், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மறுபடி நிறுத்துவார். என் வேலையை அவர் அவ்வளவு ரசித்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

"இப்ப எப்பிடி சித்தப்பா?"

"லேசாத்தான் கிடக்கு பிள்ளை" என்றார்.

பல வருடங்கள் கழித்து, சித்தியின் கம்பியூட்டரைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அது வாடிக்கைக்காரர் இல்லை. சித்தப்பாவின் சொந்தத் தம்பி. ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனவர். பாதை மூடியிருந்ததால் முப்பத்தோராம் நாளுக்குப் போக முடியவில்லை. ஊருக்கெல்லாம் கல்வெட்டு செய்தவர் தம்பிக்கும் இங்கேயிருந்தே ஒன்று செய்தார். பாட்டும் அவரே எழுதினார். அச்சடிக்கத்தான் கை வரவில்லை, திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவன் கையில் அகப்பட்டால் எந்தத் தமிழும் துண்டுப் பிரசுரம்தான், வடக்கில் செத்த எந்தப் பையனின் படமும் ஒரே படம்தான் என்றார் சித்தி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கு நீ அப்பிடிப் பேசியிருப்பியா?" என்றார்.

மற்ற எல்லாவற்றையும் தானே அழித்த மனிதர், அந்த ஒன்றுக்கு மட்டும் எழும்பிப் போய் ஜன்னலில் நின்றுகொண்டு, ஏன் என்னை அமத்தச் சொன்னார் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் கம்பியூட்டர் தெரிந்தவள் நான்தானே.