நாலாவது பாட்டும் எட்வின் அண்ணனும்

எட்வின் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் குழுவின் புதிய ஆல்பத்தைப் பற்றிக் காலையில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மறுபடியும் கேட்டு, பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். "நாலாவது பாட்டு மெதுவா தான் வரும். ஒத்துக்கலன்னா ஞாயித்துக்கிழம வா. காரணத்தோட வா." அதற்குள் கிட்டார் வாசிக்கும் இம்ரான் போன் செய்தான். ராணிப்பேட்டையில் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன அர்த்தம் என்று எரிச்சல்தான் வந்தது. இன்றும் அது அடங்கவில்லை.

எங்கள் 'ஜெனரல் ஷிப்ட்' ராக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மேடையின் ஓரமாக, பேஸ் கிட்டாரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்பார். முதல் ஆல்பத்தில் நாங்கள் போட்ட இரைச்சலில் அவர் வாசித்தது யார் காதிலும் விழவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

புதிய ஆல்பத்தின் ஓசை ஒரு கரண்ட் கட்டில் பிறந்தது. ஒத்திகை அறையில் எல்லாம் அணைந்துவிட்டால் டீ குடிக்கக் கிளம்புவது எங்கள் வழக்கம். அன்று அவர் விடவில்லை. "சும்மாவே வாசிங்கடா, பாப்போம்" என்றார். இம்ரான் மூலையில் கிடந்த பழைய மரக் கிட்டாரை எடுத்தான். தினேஷ் டிரம்ஸை விரலால் தட்டினான். பாட்டின் வேகம் தானாகக் குறைந்தது. முடிந்ததும், "இனிமே இப்டி தான்" என்று அறிவித்துவிட்டார். பாடுகிறவன் நான்; என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கரண்ட் போனதுக்கெல்லாம் ஒரு ஆல்பமாண்ணா?" என்றேன்.

"கிண்டல் வேணாம். காரணம் சொல்லு."

அவரோடு இதுதான் பேஜார். பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் காதில் வாங்க மாட்டார். அண்ணன் சொன்னால் சரி என்றாலும் விட மாட்டார். "மரியாதய வூட்ல வெச்சிட்டு வா" என்பார்.

வேலூரில் ஒரு கல்லூரி விழாவில் அந்தப் புதிய பாணியில் ஒரு பாட்டைப் பாடிப் பார்த்தோம். மாணவர்கள் பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இறங்கி வந்ததும் அவர், "முன்னாடி ஒரு பொண்ணு ஆடாம நின்னு கேட்டுச்சே, பாத்தியா?" என்றார். "மத்தவங்க கேன்டீனுக்குப் போய்ட்டாங்கண்ணா" என்றேன். அதற்கும் சிரித்தார்.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கூப்பிட்டபடியே நான் ஒத்திகை அறைக்குப் போனேன். நாலாவது பாட்டு நான் எழுதியது. விடியற்காலையில் கணியம்பாடிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வேலைக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் பற்றியது. பஸ் பறக்கிறது, பாட்டும் பறக்க வேண்டும் என்பது என் கட்சி. தினேஷ், "அண்ணன் கடைசி ஆச, வுட்ரு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மரியாதய வூட்ல வெச்சிட்டு வா. காரணம் சொல்லு" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

இம்ரான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "பஸ் ஸ்பீடா தான் போவும்" என்றான். "ஆனா நீ எழுதினது உள்ள ஒக்காந்து தூங்கறவங்கள பத்தி தான? அவங்கள இன்னாத்துக்கு எழுப்பற?"

இதை எட்வின் அண்ணனே சொல்லியிருக்கலாம். எல்லோரிடமும் காரணம் கேட்ட மனிதர், தன் காரணத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதையும் நானே கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

நாலாவது பாட்டு மெதுவாகவே வெளிவருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது காரணம் கேட்கும் அந்த நச்சரிப்பு ஒன்றைத்தான். ஏழாவது பாட்டையும் மெதுவாக்க வேண்டும் என்று அவர் சொன்னது தப்பு என்று இன்னும் நினைக்கிறேன். இந்த முறை என்னிடம் காரணம் இருக்கிறது, அண்ணா. கேட்கத்தான் நீங்கள் இல்லை.