கையைக் கட்டிக்கொண்டு வந்த தங்கை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் கிராமம் எங்களுடையது. ஒரே ஓட்டுக் கூடத்தில் ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை நடக்கும் பள்ளியில் நான் ஐந்தாவது படித்தேன், என் தங்கை மூன்றாவது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் வாய்ப்பேச்சும் இல்லை.

இதைச் சொன்னதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அப்போது அவள் பாவமாக இருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஓயாமல் பேசுகிறவள் யாரென்று கேட்டால் அவளைத்தான் காட்டுவோம்.

ஏரியில் காற்று அடிக்கும்போது ஒரு படகிலிருந்து கத்தினால் அடுத்த படகுக்குக் கேட்காது. அதனால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினால் 'இங்கே வா'. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினால் 'அங்கே ஆழமில்லை, தரை தட்டும்'. இறாலுக்கு ஒரு விரல் வளைவு, நண்டுக்கு ஒன்று, முள் குத்தும் கெளுத்திக்கு ஒன்று. கரையில் நின்று பார்த்தே பிள்ளைகளுக்கும் அது வந்துவிடும். எங்களுக்கு அது பாதிப் பேச்சு. தங்கைக்கு அதுவே எல்லாம்.

வாத்தியார் தினமும் பழவேற்காட்டிலிருந்து படகில் வருவார். தங்கையைச் சேர்க்கப் போன அன்று கூட நின்ற ஒருவர், "ஊமைப் பொண்ணுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்டார். வாத்தியார் தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

ஆனால் எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்று அவருக்கும் தெரியாது. வழி கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். அவர் சொல்லச் சொல்ல, தங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதைக் கையால் அவளுக்குச் சொல்லிவிடும். கையில் இல்லாத வார்த்தைகளை நாங்களே உண்டாக்கினோம். கழித்தல் என்றால் கூடையிலிருந்து மீனை எடுத்து வெளியே போடுவது. ராஜா என்றால் மீசையை முறுக்குவது. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிக்குத் தொப்பையைத் தடவிக் காட்டுவோம்.

தங்கை கணக்கில் படு சூட்டிகை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் சிலேட்டைப் பார்த்து எழுதலாம் என்பதால் அந்த இடத்துக்கு அடிதடி நடக்கும். எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட யாரும் சண்டை போடக்கூடாது என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. பிள்ளைகளும் தங்கைக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு அப்படியே பாடு வைத்துக்கொண்டார்கள். பாடு இல்லாதவன் வந்து உட்கார்ந்தால் முதுகில் ஒன்று விழும்.

அந்த வருஷம் கோடையில் அடித்த புயலுக்குப் பிறகு துணிமணி கொடுக்க மெட்ராஸிலிருந்து சிலர் வந்தார்கள். அதில் ஒரு அம்மா தங்கையைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். காது கேட்காத பிள்ளைகளுக்கென்றே பட்டணத்தில் ஒரு பள்ளி இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம், வாயால் பேசவே வைத்துவிடுவார்கள் என்றார். நல்ல மனுஷி. இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அம்மா அன்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. "எம் பொண்ணு ஒரே ஒரு தபா அம்மானு கூப்ட்டா போதும்" என்று அழுவாள். அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, மனமில்லை. "இங்க அவளுக்கு இன்னா கொறச்சல்? எல்லாந்தான் பேசுறாளே" என்றார். கடைசியில் வாத்தியாரைக் கேட்டார்கள். "நான் அரைகுறையா சொல்லித் தர்றேன்பா. அவங்க இதுக்குன்னே படிச்சவங்க. அனுப்பிவை" என்றார் அவர். நைனாவும் சரியென்றார்.

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் கைப்பேச்சில் இப்போது உண்டு, நாளைக்கு உண்டு. 'தீபாவளிக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவோம்' என்று சொல்ல எங்களிடம் சைகை இல்லை. பட்டணம் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் ரிப்பன் கட்டிப் புறப்பட்டாள். அந்தப் பள்ளியில் அவள் ஊஞ்சலைப் பார்த்து ஓடிய நேரத்தில் நைனா வெளியே வந்துவிட்டாராம். ஊருக்கு வந்து சில நாள் அவர் வலைக்கே போகவில்லை.

தீபாவளிக்கு நைனா அவளைக் கூட்டி வந்தார். படகுத்துறையில் எங்கள் பள்ளிக்கூடமே நின்றது. எல்லோரும் சட்டையையும் துண்டையும் சுழற்றி 'வா வா' என்றார்கள். அவள் படகில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க, "ம்ம்மா" என்றாள். அம்மா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான், 'இறால் தின்கிறாயா' என்று விரலை வளைத்துக் கேட்டேன். அவள் அடுப்படியிலிருந்து ஒரு சுள்ளியை எடுத்து வந்து என் விரல் முட்டியில் பட்டென்று அடித்தாள். கோபமாக அடிக்கவில்லை. பாடம் நடத்துவதைப் போல அடித்தாள். அப்போதுதான் அவளுடைய விரல் முட்டிகளைப் பார்த்தேன். தோல் கன்றிப்போயிருந்தது.

அவள் திரும்பிப் போவதற்குள் எங்கள் பள்ளி திறந்துவிட்டதால் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பாடு யாருக்கோ அவன் ஆசையாக ஓடி வந்து உட்கார்ந்து, வாத்தியார் சொன்ன கணக்கைக் கையால் சொன்னான். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து ஏதோ ஒரு சத்தம் போட்டாள். அது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஒருவன் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. இத்தனை நாள் அவள் கையைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. நான் சிலேட்டை எடுத்து வீசினேன். அதற்குள் அவள் எழுந்து ஓடிவிட்டாள். அந்தக் கூடத்துக்குள் அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

வாத்தியார் தன் செலவில் பட்டணத்துக்குப் போய், அவளைக் கையாலும் பேச விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கையால் பேச விட்டால் வாய்ப்பேச்சு வராது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்களாம். "நான்தாம்மா அனுப்பச் சொன்னேன்" என்று எங்கள் வாசலில் நின்று அவர் அழுதார். நைனா அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்றார். அம்மா விடவில்லை. அந்த ஒரு 'ம்மா'வை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. அதற்காக அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

தங்கை எட்டாவது வரை அங்கே படித்தாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சில வார்த்தைகள் பேசுவாள், அது எனக்கு மட்டும் புரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் வாயையும் மூடிக்கொள்வாள். என் பேரன் படிக்கும் பள்ளியில், காது கேட்காதவர்கள் உட்பட எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். பெற்றோர்களுக்கு நடுவே நானும் உட்கார்ந்து கேட்டேன். யாரும் சொல்லித் தராமலே அதைச் செய்துகொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து என் தங்கையைப் பிரித்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாமல் இருக்கிறது.